தினாருக்கு நான் சுவரில் இருந்தேன்

1

நாய் சாகக் கிடக்கிறது என்று பஹ்ரைனிலிருந்து விமானம் ஏறி வந்தவன் நான்தான். குளச்சல் மீன் ஏலக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். அங்கே கரையில் கிடக்கிற பைபர் வள்ளங்களில் பாதிக்கு ஒட்டுப் போடுகிறவன் என் பட்டறையில் வேலை பழகியவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அரபியும் இந்தியும் மலையாளமும் பேசுகிறேன். மனாமாவில் கடலோரம் வள்ளம் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் மாதம் பிறந்தால் என் முன்னால் வந்து நின்று சம்பளம் வாங்குகிறார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கும் ஒரு தகுதி வேண்டும்.

இவ்வளவு காலமும் எங்கள் தேவாலயத்தின் பங்கு மலரில் கோயில் திருவிழா, கொடியேற்று, அரபு நாட்டு வெயில் என்று எழுதி வந்தேன். இந்த முறை என் நாயைப் பற்றி எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

வெளிநாட்டுக்காரன் வீடு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாடி, முன்சுவரில் கல் பதித்திருக்கும், பெரிய கேட், உள்ளே ஆள் இருக்காது. நான் கட்டியதும் அப்படித்தான். நானும் மனைவி திரேசம்மாவும் மனாமாவில். மகன் ஜோபின் ஆஸ்திரேலியாவில். ஆளில்லாத வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று துறைமுகத்தில் திரிந்த குட்டி ஒன்றைத் தூக்கி வந்தேன். செம்பட்டை நிறம், நாட்டு நாய்தான். தினார் என்று பெயர் வைத்தேன். நான் சம்பாதிக்கிற நாட்டுப் பணத்தின் பெயர் அது. அதைவிடப் பெரிய பெயர் எனக்குத் தோன்றவில்லை. காவலுக்கு அவன் உதவ மாட்டான். கள்ளன் வந்தாலும் வாலாட்டிக்கொண்டு முன்னால் நடந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவான்.

கொரோனா வந்து விமானம் நின்றுபோன வருடம் நான் விடுமுறைக்கு வந்து குளச்சலில் மாட்டிக்கொண்டேன். திரேசம்மா அங்கே, நான் இங்கே. அத்தனை பெரிய வீட்டில் நானும் தினாரும்தான். மிளகு போடாமல் அவனுக்குத் தனியாகச் சாளை மீன் வேகவைத்தேன். பேச ஆள் இல்லாததால் அவனிடம் பேசினேன். சம்பளம் கேட்காத, குறுக்கே பேசாத, நான் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முகம் சுளிக்காத ஒருவனிடம் பேசுவது பெரிய சுகம். என் வாழ்க்கையில் என்னை முழுவதும் கேட்டது அவன் ஒருவன்தான்.

மறுபடி விமானம் விட்டதும் நான் மனாமாவுக்குக் கிளம்பிவிட்டேன். தினார் தின்ன மறுத்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பம்தான் அவனுக்குச் சோறு வைக்கிறவள். அவள் புருஷன் ஆழ்கடலுக்குப் போகிறவர். அவள் போன் செய்தாள். எங்கள் பக்கம் நாயைப் பட்டி என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணே, ஒங்க பட்டி கேட்டப் பாத்துக்கிட்டே கெடக்கு. சோத்த மோந்தும் பாக்க மாட்டேங்குது. இது செத்துப்போனா நான் கொன்னேன்னு சொல்லப்படாது, கேட்டியளா."

அதற்குத்தான் பேசுகிற கேமரா வாங்கினேன். குளச்சலில் அதை முதலில் மாட்டியது என் வீட்டில்தான். கார் நிறுத்துகிற இடத்தில், சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. மனாமாவிலிருந்து போனில் பேசினால் அங்கே சுவரில் என் குரல் கேட்கும்.

முதல் நாள், "ஏலே தினாரு" என்றேன். அவன் துள்ளி எழுந்து சுவரைச் சுற்றி வந்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். "தின்னியாலே?" என்றேன். புஷ்பம் தட்டை அங்கேயே நகர்த்தி வைத்தாள். துடைத்துத் தின்றான். தின்று முடித்து, மோவாயைத் தரையில் வைத்து, சுவரைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்துவிட்டான்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அதுவே வழக்கமாகிவிட்டது. குரல் வராமல் அவன் தட்டைத் தொட மாட்டான்.

"எனக்க மாப்பிள்ள கடலுக்குப் போனா கரைக்கு வாற வரைக்கும் ஒரு போன் கெடையாது. இந்தச் சவத்துக்குத் தெனம் ரெண்டு போனு" என்பாள் புஷ்பம். கேமராவைப் பார்த்து முகத்தைக் கோணுவாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

3

மனாமாவில் என் நாள் காலையில் அந்தத் திரையில்தான் தொடங்கும். சாயாவை மேசையில் வைத்து, போனைச் சீனிப்பாத்திரத்தில் சாய்த்து, தினாரைத் தின்ன வைத்துவிட்டுத்தான் நான் பட்டறைக்குக் கிளம்புவேன். போகப் போக அவன் முகம் வெளுத்தது. கண்ணில் பால் விழுந்தது. நடை தளர்ந்தது. எனக்கும்தான் முடி போய்விட்டது. அதையெல்லாம் யார் கணக்கில் எடுக்கிறார்கள்.

இந்த ஆனி மாதம் ஒரு நாள் கூப்பிட்டதும் அவன் எழுந்தான், இரண்டடி வந்தான், நின்று வாந்தி எடுத்தான். மறுநாள் எழும்பவே நேரம் பிடித்தது. பக்கத்து ஊரான கருங்கலிலிருந்து கால்நடை டாக்டரை வரவழைத்தேன். வயதில் என் மகனைவிட இளையவர். பார்த்துவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்து என்னிடமே சொன்னார்.

"மாமா, ரெண்டு கிட்னியும் போச்சு. வயசாச்சு. டிரிப் போட்டா கொஞ்ச நாள் தள்ளலாம். ஆனா அது கஷ்டப்படும். ஊசி போட்டு அமைதியா அனுப்பிரலாம்."

"நான் வாறேன். நான் வந்த பொறவு போடும்" என்றேன்.

"எப்ப வருவிய?"

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வராமல் ஓர் அடி நகர முடியாது.

அன்றைக்கே ஆஸ்திரேலியாவிலிருந்து ஜோபின் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் இப்போது நின்று நின்றுதான் வருகிறது. வாக்கியத்தைப் பாதி தமிழில் தொடங்கி இங்கிலீஷில் கொண்டுபோய் இறக்குகிறான்.

"அப்பா, அது ஸஃபர் பண்ணுது. நீங்க வரணும்னு அத வச்சிருக்கது ஸெல்ஃபிஷ்."

"என்னது?"

"சுயநலம்."

நான் போனைத் திரேசம்மாவிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. வள்ளத்தின் அடிப்பக்கம் பழுது பார்க்கக் கடலில் மூழ்கி மூழ்கி மூச்சுப்பிடித்துச் சம்பாதித்த காசில் படித்தவன் எனக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறான். அவன் படிப்பு முடித்துப் போகும்போது விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தினாரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரேசம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"மோன் சொன்னது சரிதானே. வாயில்லாச் சீவன். ஒங்களுக்கு முகம் பாக்கணும்னு அது கெடந்து எழவெடுக்கணுமா?"

"எனக்கு முகம் பாக்க வேண்டாம். என்னைய அதுக்குக் காட்டணும். நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு அவன் சாகப்படாது."

"எங்க அம்மைக்கு முடியாம இருந்தப்ப நீங்க இப்படித் துடிக்கல்ல."

"ஒங்க அம்ம எங்கிட்ட மூணு வருசம் பேசல்ல."

அவள் சிரித்தாள். ஆனாலும் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் என்ன சொன்னாலும் நான் வரும்வரை ஊசி கூடாது என்று டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். வலிக்கு மருந்து கொடுக்கச் சொன்னேன். மருந்தைச் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டும். சோற்றை அவன் தின்ன நான் பேச வேண்டும். அதனால் என்னை விட்டால் அவனுக்கு வலி தீர வழியில்லை என்ற நிலை வந்தது.

4

பாஸ்போர்ட் அலுவலகத்தில் போய் நின்றேன். நான் வரிசையில் நின்று பல வருடம் ஆகிறது. என் வேலைக்கு எப்போதும் ஆள் அனுப்புவதுதான் வழக்கம். கவுண்டரில் இருந்தது ஒரு மலையாளப் பெண்.

"அங்கிளே, அர்ஜென்ட் என்று பறஞ்ஞால் காரணம் வேணம்."

"நாட்டுல சொகமில்ல."

"ஆர்க்கு?"

"வீட்டுல ஒரு ஆளுக்கு."

"எந்தா பந்தம்? ஆசுபத்திரி பேப்பர் உண்டோ?"

பேப்பர் இல்லாமல் நான் போவேனா. டாக்டர் எழுதிய சீட்டைப் புஷ்பம் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பட்டறையில் கலர் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். இங்கிலீஷில் அச்சடித்த சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சீல் இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

அவள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிளே, இது பட்டி அல்லே?"

"பட்டிதான். பட்டிக்குச் சொகமில்லாம வரப்படாதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டை கட்டிய ஒருவன், நம் நாகர்கோவில் பக்கத்து ஆள் மாதிரி இருந்தான், சத்தமாகவே சிரித்தான். நான் திரும்பி, "ஒனக்குச் சொகமில்லேன்னா வர ஆள் உண்டா தம்பி?" என்று கேட்டேன். அவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டை உறைக்குள் திரும்ப வைத்து நீட்டினாள்.

"பட்டிக்கு அர்ஜென்ட் எழுத முடியில்லா. கூடுதல் பீஸ் கட்டினால் வேகம் வரும். அதுக்குக் காரணம் ஒண்ணும் வேண்டா."

முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் இத்தனை பேர் முன்னால் நாயின் சொந்தக்காரனாக நின்றிருக்க வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன். காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது: வேகம் என்றால் எவ்வளவு வேகம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

5

பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தபோதுதான் குளச்சலில் ஆனிச் சாரல் வலுத்தது. ஒரு நாள் காலை திரையைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூடித் திறந்தேன். அதே வட்டம்.

புஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"தென்ன ஓல விழுந்து ஒயர் அறுந்து கெடக்கு அண்ணே. நெட்டு இல்ல."

"அவன் தின்னானா?"

"ராத்திரிப் பிடிச்சு ஒண்ணும் தொடல்ல. மருந்தும் உள்ள போகல்ல. மொனங்கிக்கிட்டுக் கெடக்கான்."

கேபிள் நடத்துகிறவனைக் கூப்பிட்டேன். மழை விட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

"நான் ஆருன்னு ஒனக்கு அறியுமாலே?"

"எனக்கு அறியும் மாமா. மழைக்கு அறியாதே."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அவனுக்குப் பட்டறையில் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருப்பேன்.

மறுபடி புஷ்பத்தைக் கூப்பிட்டு, அவள் போனையே ஸ்பீக்கரில் போட்டு தினாரின் காதருகே வைக்கச் சொன்னேன். "ஏலே தினாரு. நான்தாம்லே. தின்னு மக்கா" என்றேன். மழைச்சத்தம்தான் கேட்டது.

"என்ன செய்யான்?"

"நீங்க போன்ல கத்துதிய. அவன் செவரப் பாக்கான்."

"இன்னும் பக்கத்துல வையி."

"மூக்கு மேலயே வச்சாச்சு. தலையத் திருப்பிச் செவரத்தான் பாக்கான் அண்ணே. ஒங்க சத்தம் இதுக்குள்ள இருந்து வரும்னு அவனுக்கு அறியாது."

நான் பட்டறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்காரர்கள் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். என் ஒரு அதட்டலுக்குப் பட்டறையே அடங்கும். அங்கே ஒரு கைப்பிடி சோற்றை ஒரு நாயைத் தின்ன வைக்க என்னால் முடியவில்லை.

"நில்லுங்க" என்றாள் புஷ்பம். ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்கினாள். "நாற்காலி போட்டு ஏறியிருக்கேன். சரிஞ்சு விழுந்தா ஆசுபத்திரிச் செலவு ஒங்களுக்கு. இப்பப் பேசுங்க."

போனைக் கேமராவோடு சேர்த்துச் சுவரில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஏலே தினாரு. தின்னியாலே?"

பிறகு புஷ்பம் சொன்னாள், "நக்குதான். நிறுத்தாதீங்க, பேசுங்க. நக்குதான்."

6

மழை விட்டதும் கேபிள்காரன் ஒயரைச் சரிசெய்துவிட்டான். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். களியக்காவிளையில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. புஷ்பத்தைக் கூப்பிட்டேன். மூச்சு இருக்கிறது என்றாள். மார்த்தாண்டத்தில் மறுபடி கூப்பிட்டேன். மூச்சு இருக்கிறது, ஆனால் இழுக்கிறது என்றாள். டாக்டர் வந்து காத்திருப்பதாகவும் சொன்னாள்.

"வீட்டுல ஆருக்கு சார் முடியல?" என்று டிரைவர் கேட்டான்.

"எனக்க ஆளுக்கு" என்றேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டியை வேகமாக விட்டான்.

கேட்டைத் திறந்து நேராகப் போனேன். தினார் சாக்கில் கிடந்தான். திரையில் பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையை மூக்கருகே கொண்டுபோனேன். வெகுநேரம் மோந்தான். நாக்கு ஒரு முறை விரலில் பட்டது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நிமிடம் திரேசம்மா, ஜோபின், டை கட்டியவன், எல்லோரையும் நான் ஜெயித்துவிட்டேன்.

"ஏலே தினாரு" என்றேன்.

அவன் தலையை என் கையிலிருந்து உருவினான். சுவர்ப்பக்கம் திருப்பினான். முன்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தான். சரிந்து விழுந்தான்.

"இங்க இருக்கேம்லே. நான்தாம்லே."

மறுபடி கால் ஊன்றினான். மறுபடி சுவரைப் பார்த்து நகர்ந்தான், விழுந்தான். நான் பேசப் பேச அவனுக்குத் துடிப்பு ஏறியது. வாயை மூடினேன். அடங்கினான். என் கை அவன் முதுகில்தான் இருந்தது. கையின் ஆள் வேறு, குரலின் ஆள் வேறு என்று அவன் வைத்திருந்தான்.

டாக்டர் என் தோளைத் தொட்டார். "மாமா, வெப்ராளம், படபடப்பு கூடுது. அசையாமக் கெடந்தாத்தான் ஊசிக்கு நரம்பு கிட்டும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். ஆனால் அவன் அடங்கியது கொஞ்ச நேரம்தான். குரல் கேட்டாயிற்று, அது ஏன் நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்து முனகத் தொடங்கினான். புஷ்பமும் டாக்டரும் சாக்கோடு தூக்கி அவனைச் சுவரடியில், கேமராவுக்குக் கீழே கிடத்தினார்கள். முனகல் நிற்கவில்லை. நான் போனைத் திறந்து பேசிப் பார்த்தேன். பக்கத்தில் நின்று பேசியதால் போன் சத்தமும் கேமரா சத்தமும் மோதி, கேமரா காது கிழியக் கூவியது. தினார் நடுங்கினான். போனை மூடினேன்.

புஷ்பம்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நீங்க வெளிய போங்க. ரோட்டுல நின்னு பேசுங்க."

"இம்புட்டுத் தூரம் வந்தது ரோட்டுல நிக்கவா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க போனதும் அவன் அறியான், வந்ததும் அறியான். அவனுக்கு நீங்க இங்கின செவர்லதான இருந்திய."

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடுதான் எழுந்தேன். என் முழங்காலில் சாக்கின் நார் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல், செருப்பும் போடாமல், கேட்டைத் திறந்து வெளியே போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கூவல் கேட்காத தூரம் வரை, பக்கத்து மதில் ஓரமாக நடந்து போய் நின்று திரையைத் திறந்தேன்.

மனாமாவில் தினமும் பார்க்கிற அதே இடம்தான். புஷ்பமும் டாக்டரும் குனிந்திருந்தார்கள். தினார் சுவரடியில் கிடந்தான். கொஞ்சம் தள்ளி, நான் கழற்றிப்போட்ட செருப்பு கிடந்தது.

"ஏலே தினாரு. தின்னியாலே?"

வால் சாக்கில் ஒரு தடவை அடித்தது. மோவாயைத் தரையில் வைத்தான். முனகல் நின்றது.

டாக்டர் ஊசியை எடுத்தார். நான் பேசினேன். பஹ்ரைனில் வெயில் தாங்கவில்லை என்றேன். திரேசம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றேன். ஜோபின் ஸெல்ஃபிஷ் என்று சொன்னதைச் சொன்னேன். பட்டறைக்கு ஒரு பெரிய வள்ளம் வந்திருக்கிறது, அடியில் விரிசல், மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாம் கைவிட்டது, நான் ஏற்றிருக்கிறேன் என்றேன். மீன்பெட்டி கட்டிய பைக் ஒன்று என் பக்கத்தில் வேகம் குறைத்தது. "மாமா, எப்ப வந்திய? மழையில நின்னு ஆருட்ட பேசுதிய?" என்று ஒருவன் கேட்டான். போ என்று கையைக் காட்டினேன்.

திரையில் டாக்டர் நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்து, போதும் என்று கையை அசைத்தார். புஷ்பம் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் நிறுத்தவில்லை. அந்த வள்ளத்தின் விரிசலை எப்படி அடைக்கப்போகிறேன் என்பதில் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தேன்.